பத்தொன்பது பெயர்களில் இல்லாத ஒன்று

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்பிலிருந்து கதைத்த பிறகு கடைக் கணக்கை இரண்டு தரம் பிழையாக எழுதினேன். கலியாண வேலை அலுப்பு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நீ பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. கலியாணத்தன்று காலை, தலையில் பாலறுகு வைத்துத் தோயவார்த்துக் குளிப்பாட்டிய பிறகு, அலங்காரம் தொடங்குமுன் முகத்தில் பூச ஒரு மொய்ஸ்சரைசர் நம் கடையிலிருந்து எடுத்துவைக்கச் சொன்னாய். எதை என்று கேட்டேன். "நீங்களே பாத்து எடுத்து வையுங்கோ அப்பா. நீங்கள் எடுத்தால் நான் பின்பக்கம் வாசிக்கமாட்டன்" என்றாய். ஒன்பது வருடமாகப் பின்பக்கத்தை வாசிக்காமல் ஒரு துளியையும் முகத்தில் படவிடாத பிள்ளை நீ. மாமி ஆசையோடு கொண்டுவந்து தந்ததைக்கூட நின்ற நிலையில் வாசித்துவிட்டு, கோபம் வராதபடி சிரித்துத் திருப்பிக் கொடுத்தவள். அப்படிப்பட்டவள் என் கையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன் என்கிறாய். அதைக் கேட்டு நான் பூரித்துப்போயிருக்க வேண்டும். ஆனால் உன் முகம் பழுதான அந்த வருடத்தைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் உனக்கு ஒரு டப்பியை எடுத்து நீட்ட எனக்கு உரிமை இல்லை. நேரே சொல்ல வாய் வராது. போனில் சொன்னால் பாதியில் உடைந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அங்கே வந்து சேர எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்.

மானிப்பாயில் நான் முப்பது வருடமாக முகக்கிறீம் விற்கிறேன். காப்பு, றிபன், பொட்டு, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி அலுமாரியில், கிறீம்களுக்குத்தான் முதலிடம். போன வருடம் வரைக்கும் ஒரு பெட்டியைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. முன்பக்கத்தில் இருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பேன், மூடியைத் திறந்து மணப்பேன், கையில் தூக்கிப் பாரம் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக எங்கிருந்து வந்தது என்று பார்ப்பேன். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. இது என்னுடைய மடைத்தனம் மட்டுமில்லை, எங்கள் ஊர் முழுவதற்கும் இருக்கிற தொற்று வருத்தம். அண்ணை அனுப்பினது, மச்சாள் கொண்டுவந்தது என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதே மரியாதைக்குறைவு.

சுவிஸிலிருந்து பெரியப்பா அனுப்பிய பசுமாட்டுத் தகரப் பேணி நினைவிருக்கிறதா? மூடியில் ஒரு பசு புல் மேய்ந்துகொண்டு நின்றது. எழுத்தெல்லாம் ஜெர்மன். பசும்பாலில் செய்த முகக்கிறீம் என்று நான்தான் அம்மாவுக்கு விளக்கம் சொன்னேன். ஒரு வருடம் முழுக்க அவள் காலையும் மாலையும் பக்தியோடு பூசினாள். கோயிலில் யாரோ முகம் பளபளக்கிறது என்று சொன்னதை இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு நீ பல்கலைக்கழகத்திலிருந்து லீவில் வந்து, பேணியைப் புரட்டி வாசித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாய். அது பால் கறப்பவர்கள் பசுவின் மடி வெடிக்காமல் இருக்கப் பூசும் சாமான். அம்மா பேணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். ஆனால் நீ சிரித்து முடித்துவிட்டு அதன் பட்டியலை ஒவ்வொன்றாகச் சொன்னாய். பெற்றோலியம் ஜெலி, பரபின் எண்ணெய், ஆட்டுமயிர்க் கொழுப்பான லனோலின், அவ்வளவுதான். "நல்ல சாமான்தான் அம்மா, பூசுங்கோ. எனக்குத்தான் லனோலின் ஒத்துவராது" என்றாய். அம்மா அடுத்த நாளே திரும்பப் பூசத் தொடங்கிவிட்டாள். லனோலின் ஒத்துவராது என்று நீ சொன்ன அந்த வார்த்தையை மட்டும் மனதில் வைத்துக்கொள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் நீ வந்து நின்ற இரண்டு வாரத்தில் எனக்கு வாசிக்கக் காட்டித் தந்தாய். அறுபது வயதுக்குக் கிட்ட வந்து ஒரு மனிதன் முதன்முதலாக எழுத்துக் கூட்டுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அதிகமாக இருப்பது முதலில் வரும், குறையக் குறையக் கீழே போகும் என்று நீ சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் புரட்டினோம். எல்லாவற்றிலும் முதற்பெயர் தண்ணீர். எங்கள் கிணற்றில் இருக்கும் அதே சாமான். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் கிளிசரின் இருந்தால் நல்லது, அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாய். அதற்குப் பிறகு எண்ணெயோ மெழுகோ வரவேண்டும், பிடித்த தண்ணீர் காற்றில் பறந்துவிடாமல் அது மேலே மூடிக்கொள்ளும் என்றாய். இந்த மூன்றும் சரியென்றால் பாதிக் கிறீம் சரி என்றாய். சுவிஸிலிருந்து வந்த வேறொரு கிறீம், இந்தியப் பெட்டி, கொழும்பில் செய்த டப்பி என்று மூன்றை வரிசையாக வைத்து, மூன்றிலும் கிளிசரினுக்கு ஒரே பெயர் எழுதியிருப்பதைக் காட்டினாய். நாட்டுக்கு நாடு மொழி வேறு, சண்டை வேறு, ஆனால் டப்பியின் பின்பக்கத்தில் மட்டும் எல்லோரும் ஒரே பெயரால் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு நான் கடையைப் பூட்ட மறந்து, பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்துவிட்டேன்.

அந்த இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த அதிசயங்களுக்குக் கணக்கில்லை. பட்டியலில் செற்றில் அல்கஹோல் என்று கண்டதும், தேவாலயத்துக்குப் போகிற ஒரு ரீச்சருக்கு இதில் குடிவகை கலந்திருக்கிறது என்று சொல்லி நானே சாமானைத் திருப்பி வைக்கச் செய்துவிட்டேன். அது வெறும் மெழுகு என்று நீ சொல்ல, ரீச்சர் வீட்டுக்குச் சைக்கிளில் போய் மன்னிப்புக் கேட்டேன். குங்குமப்பூப் படம் போட்ட பெட்டியில் குங்குமப்பூ எங்கே என்று தேடினோம். வாசனைக்கும் பிறகு, கடைசிக்கு ஒன்று முன்னால், ஒரு பேருக்கு இருந்தது. பழுதாகாமல் காக்கிற மருந்தைக் கண்டு நான் முகம் சுளித்தபோது, தண்ணீர் இருக்கிற சாமான் அது இல்லாமல் நாலு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும், அதைக் கண்டு பயப்படவேண்டாம், வாசனையைக் கண்டுதான் நொய்ந்த தோல்காரர் கவனமாக இருக்கவேண்டும் என்றாய். நீ சொல்லச் சொல்ல நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவும் இந்தச் சின்னத் தலைக்குள் எப்படிப் போனது என்று வியந்தேன். எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை.

அப்போதுதான் நீ கடையின் பின்தட்டிலிருந்து அந்த வெள்ளை டப்பியை எடுத்தாய். பெயரில்லை, படமில்லை, பின்பக்கத்தில் ஒன்றுமில்லை. வான் ஒன்றில் சாமான் கொண்டுவரும் வியாபாரி பல வருடத்துக்கு முன் தந்த கலவைக் கிறீம். இரண்டு கிழமையில் நிறம் வரும் என்று சொல்லித்தான் தருவார்கள். பெண்கள் கண்ணாடி அலுமாரியைப் பார்ப்பதுபோல் நின்று, ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டு வாங்குவார்கள். நீ அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "பட்டியல் இல்லையெண்டால், சொல்ல ஏலாத ஏதோ உள்ளுக்குக் கிடக்கெண்டு அர்த்தம்" என்றாய். பாதரசம் இருக்கலாம், டொக்டர்மார் அளந்து கொடுக்க வேண்டிய ஸ்டெரொயிட் இருக்கலாம் என்றாய். முதலில் முகம் வெளுக்கும், பிறகு தோல் மெலியும், சிவக்கும், வெயில் பட்டால் எரியும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். நீ சொன்னது உன் முகத்தின் கதை. அது உனக்குத் தெரியவில்லை. டப்பியைக் குப்பைக்குள் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "நல்லகாலம் அப்பா, உந்தக் கிறீமை நான் ஒருநாளும் தொடேல்லை."

தொட்டாய், பிள்ளை. மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் தொட்டாய்.

உனக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த வருடம். நீர்வேலியிலிருந்து உறவுக்காரர் ஒருவர் வெளிநாட்டுச் சம்பந்தம் ஒன்று கொண்டுவந்து, படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை கெட்டிக்காரி, லட்சணம், நிறந்தான் கொஞ்சம் குறைவு என்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நீ அதைக் கேட்டுச் சிரித்தாய். உன் நிறம் உனக்குப் பிடித்திருந்தது. கடையிலிருந்து ஒரு சாதாரண வெள்ளைக் கிறீமை மட்டும் எடுத்து, முகம் காயாமல் இருக்கப் பூசிக்கொண்டிருந்தாய். சிரிக்காமல் இருந்தது நான்தான். ஊரில் மற்றவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் நிறம் விற்கிற கடைக்காரன் நான். என் பிள்ளையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு நெஞ்சுக்குள் குத்தியது. சொன்னால் நீ பூசமாட்டாய். அதனால் நீ கணினி வகுப்புக்குப் போன ஒரு காலையில் உன் டப்பியைத் திறந்து, அந்தக் கலவைக் கிறீமில் ஒரு பங்கைப் போட்டு, கரண்டிக் காம்பால் கலந்து, மேலே நீ விரல் வைத்த தடம்போல் ஒரு பள்ளமும் வைத்து மூடினேன். அந்தப் பள்ளத்தை வைத்த கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. நீ டப்பி மாற்றும்போதெல்லாம் திரும்பச் செய்தேன். உன் முகம் வெளுத்தது. எல்லோரும் சொன்னார்கள். நான் பெருமைப்பட்டேன்.

நான்காம் மாதம் முகம் முழுக்கச் சிவந்து, சின்னச் சின்னப் பருவாகி, சைக்கிளில் றோட்டால் போகமுடியாமல் நீ துணியால் முகத்தை மூடிக்கொண்டு வந்த அன்று எனக்கு விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் உன் கன்னத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நிறத்துக்கு ஏதும் பூசினீர்களா என்று கேட்டார். இல்லை என்றாய். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொருமுறை கேட்டார். நீ உன் டப்பியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாய். "இது ஒண்டுதான் டொக்டர். இதிலை என்ன கிடக்கெண்டு பின்னாலை எழுதியிருக்கு, வாசிச்சுப் பாருங்கோ." அவர் வாசித்தார். நான் உன் கதிரைக்குப் பின்னால் நின்றேன். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்தக் கிறீமை நிறுத்தச் சொல்லி, வேறு மருந்து எழுதித் தந்தார். வரும் வழியில் நீ என்னிடம், சாமான் விற்ற உங்களில் பிழையில்லை அப்பா என்று எனக்கு ஆறுதல் சொன்னாய்.

அன்று தொடக்கம் கலவைக் கிறீம் விற்பதை நிறுத்தினேன். கேட்டு வந்தவர்களிடம் வரவில்லை என்று சொன்னேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. நீயோ அந்த வெறும் டப்பியை மேசையில் வைத்து, அதன் பின்பக்கத்திலிருந்த பத்தொன்பது பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதினாய். வாசிகசாலையில் போய் ஒவ்வொன்றும் என்ன, எதிலிருந்து வருகிறது, யாருக்கு ஒத்துவராது என்று தேடினாய். எரிகிற முகத்தோடு இருந்து எழுதினாய். கண்ணாடி பார்ப்பதை நிறுத்தியிருந்தாய், ஆனால் அந்தக் கொப்பியை ஒருநாளும் நிறுத்தவில்லை. இரசாயனம் படிக்கப் போகிறேன் என்று நீ முடிவெடுத்தது அந்தக் கொப்பியோடுதான். கடைசியில் லனோலினின் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டு, இதுதான் என்று எனக்குக் காட்டினாய். நான் என்ன நினைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு ஆட்டின் மயிர்க் கொழுப்பு என் பழியை ஏற்றுக்கொண்டது. ஒருவேளை உண்மையாகவே அதுதானோ என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

பிறகு உன் தோல் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைப்போல் ஒரு அற்புதத்தை நான் எந்தத் தேர்த்திருவிழாவிலும் கண்டதில்லை. எட்டு மாதம் எடுத்தது. முதலில் எரிவு அடங்கியது, பிறகு காதோரத்தில் ஒரு விரலகலம், பிறகு தாடையில், உன்னுடைய சொந்த நிறம் உள்ளேயிருந்து மெல்ல ஏறி வந்தது. நான் வெளுக்கப் பார்த்த அதே நிறம். அது திரும்பி வருவதை ஒவ்வொரு காலையும் களவாகப் பார்த்து நான் கும்பிட்டிருக்கிறேன். இன்றைக்கு யோசித்தால் அதைவிடப் பெரிய ஆச்சரியம் இன்னொன்று. எங்கோ பெயர் தெரியாத ஊரில், உன்னைக் கண்ணாலும் காணாத ஆட்கள், இதற்குள் நாங்கள் போட்டது இவ்வளவுதான், இது கூடுதல், இது குறைவு என்று வரிசை தவறாமல் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பது பெயரும் உண்மை. அவர்கள் எழுதிய உண்மையை, ஒரே வீட்டில் உன்னோடு சாப்பிட்ட தகப்பன் நான் பொய்யாக்கினேன்.

நேற்று அம்மாவுக்குச் சொன்னேன். அவளுக்கும் இது வரைக்கும் தெரியாது. கண்டதையெல்லாம் பூசி முகத்தைக் கெடுத்தாய் என்று அந்த வருடம் முழுக்க உன்னைப் பேசியவள் அவள். வெட்டிக்கொண்டிருந்த மரக்கறியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லவேணும். கலியாணம் முடியட்டும் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ" என்றாள். நான் அதைத்தான் சொல்ல இருந்தேன். மணமகளின் மனதை இந்த நேரத்தில் குழப்பலாமா என்று அழகாக ஒரு காரணமும் வைத்திருந்தேன். உன் நன்மைக்கு என்று நான் வைக்கிற காரணங்களை இனி நம்பாதே. அந்தக் கிறீமைக் கலந்ததும் உன் நன்மைக்குத்தான்.

கலியாணத்துக்குப் போகும் பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. நீ அவரோடு இருக்கும்போது, அவருடைய நல்லதுக்கென்று அவருக்குத் தெரியாமல் எதையும் எதற்குள்ளும் கலந்துவிடாதே. சொல்லிப் போடு, வேண்டாமென்றால் விடு. அவரும் அப்படியே இருக்கட்டும். உன் கையில் தருகிற எதையும், யார் தந்தாலும், பின்பக்கம் திருப்பி வாசி. நான் தருவதையும் வாசி. வாசிக்கமாட்டேன் என்று நீ சொன்ன அந்த வார்த்தையை நான் திருப்பித் தருகிறேன்.

கிறீம் எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் உள்ள எல்லாவற்றையும் இந்த ஒரு கிழமை திரும்ப வாசித்தேன். முதலில் தண்ணீர், இரண்டாவது கிளிசரின், பிறகு மெழுகும் எண்ணெயும், பழுதாகாமல் காக்கிற ஒரு மருந்து. வாசனை இல்லை. முன்பக்கத்தில் பெண்ணும் இல்லை, பூவும் இல்லை. அதே சாமானில் வேறொரு டப்பியை உடைத்து என் முழங்கை மடிப்பில் ஆறு நாளாகப் பூசிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. ஆனால் என் தோல் தடித்த தோல், உன்னுடையதற்கு அது சாட்சியாகாது. உன் டப்பியின் சீல் உடைக்கவில்லை. வந்து வாசித்து, நீயே உடைத்து, நீயே கையில் தொட்டுப் பார். என் கடைச் சாமான் வேண்டாம் என்று தோன்றினால் வேறெங்காவது வாங்கு. எனக்குக் குறை இல்லை. கலியாணத்தன்று என்னோடு கதைக்க மனம் வராவிட்டால் கதைக்காதே. நான் கோயில் வாசலில் வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டு நிற்பேன்.

உன் பழைய கொப்பி அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. நீ கலியாணத்துக்கு வீட்டுக்கு வந்ததும் காணும்படி, எடுத்து இந்தக் கடிதத்தோடு உன் மேசையில் வைக்கிறேன். லனோலினின் கீழே நீ போட்ட சிவப்புக் கோட்டை அழித்துவிடப் பார்த்தேன். பேனைக் கோடு, அழியவில்லை, தாள்தான் கொஞ்சம் கிழிந்தது. அதனால் பத்தொன்பதாவது பெயருக்குக் கீழே இருபது என்று இலக்கம் போட்டு, "அப்பா கலந்தது" என்று எழுதி, அதன் கீழே சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன்.

அப்பா